ரிகாம்பினன்ட் ஹியூமன் பிடிஎன்எஃப் வேலை செய்யவில்லையா? சிக்னலும் இல்லை, ரெட் நியூரானில் வித்தியாசமும் இல்லை

மிண்டன்_மைக்ரோலிட்டர் (பினாங்கு)

வணக்கம். ரெட் சிண்ட்ரோம் (மெக்-பி2 மரபணுப் பழுதால் வரும் நரம்பு வளர்ச்சி நோய்) ஆய்வுக்காக ரிகாம்பினன்ட் ஹியூமன் பிடிஎன்எஃப் (நியூரானை வளர்க்கும் மனிதப் புரதம், ஆய்வக நுண்ணுயிரில் தயாரித்தது) வாங்கியிருக்கிறோம். ஈ.கோலையில் தயாரித்தது, கேரியர் புரதம் (டியூப் சுவரில் ஒட்டாமல் காக்கும் துணைப் புரதம்) சேர்க்காதது, 10 மைக்ரோகிராம், உறைய வைத்து உலர்த்திய தூள். 1 மில்லி வெறும் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கரைத்து, சாதாரண 1.5 மில்லி டியூபில் 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து −20ல் வைத்திருக்கிறோம்.

இரண்டு பிரச்சினை.

ஒன்று: எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் (மனித நியூரோபிளாஸ்டோமா வரிசை) செல்லில் சும்மா ஒரு சோதனை. 10% சீரம் உள்ள மீடியத்திலேயே மில்லிக்கு 50 நானோகிராம் போட்டு, 30 நிமிடம் கழித்து வெஸ்டர்ன் (ஆன்டிபாடியால் புரதப் பட்டை காணும் சோதனை) பார்த்தால் பாஸ்போ ட்ராக்-பி (தூண்டப்பட்ட பிடிஎன்எஃப் ஏற்பி) பட்டையே இல்லை. பாஸ்போ எர்க் (ஏற்பிக்கு அடுத்த சிக்னல் புரதம்) அளவு, பிடிஎன்எஃப் போட்டதிலும் போடாததிலும் ஒன்றே.

இரண்டு: மெக்-பி2 பழுதுள்ள ஐபிஎஸ் (நோயாளி செல்லிலிருந்து உருவாக்கிய ஸ்டெம் செல்) வரிசை, அதன் ஐசோஜெனிக் கன்ட்ரோல் (மற்ற மரபணுக்கள் ஒன்றே, மெக்-பி2 மட்டும் நல்லது), இரண்டிலிருந்தும் கார்ட்டிகல் நியூரான். மெச்சுரேஷன் மீடியத்தில் பிடிஎன்எஃப் 20, இன்னொரு வளர்ச்சிக் காரணியான ஜிடிஎன்எஃப் 20 (மில்லிக்கு நானோகிராம்), டைபியூட்டிரைல் சைக்ளிக் ஏஎம்பி 1 மில்லிமோலார். 6ஆவது வாரத்தில் செல் உடலின் அளவு, சினாப்சின் (சினாப்ஸைக் காட்டும் புரதம்) புள்ளிகள் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மீடியத்தை எலைசாவில் (ஆன்டிபாடியால் புரத அளவு காணும் சோதனை) ஓட்டினால் பிடிஎன்எஃப் அளவும் இரண்டிலும் சமம்.

குப்பி கெட்டுவிட்டதா? புதிது ஆர்டர் போடலாமா? தைப்பூசம், சீனப் பெருநாள் இரண்டும் நெருங்கி வருகிறது. ஆர்டர் போடுவதென்றால் இப்போதே போட வேண்டும். அண்ணன், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.


கேஎல்_கல்சர் (கோலாலம்பூர்)

தம்பி, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. குப்பி கெட்டுப் போயிருக்க வாய்ப்பு கம்மி. ஆனா உங்க ஸ்டாக்கில் நீங்க நினைக்கிற அளவு புரதம் இருக்காது. அது வேற விஷயம்.

பிடிஎன்எஃப் ரொம்பக் காரத்தன்மை உள்ள புரதம், ஐசோஎலக்ட்ரிக் பாயிண்ட் 9க்கு மேல. நியூட்ரல் பிஎச்சில் முழுக்க பாசிட்டிவ் சார்ஜோட இருக்கும். கண்ணாடி, பாலிஸ்டைரீன், சாதாரண பாலிபுரோப்பிலீன், எதைக் கண்டாலும் ஒட்டிக்கும். நீங்க வச்சிருக்கிற ஸ்டாக் மில்லிக்கு 10 மைக்ரோகிராம், கேரியர் கிடையாது, லோ-பைண்ட் (புரதம் அதிகம் ஒட்டாத) டியூபும் கிடையாது. டியூப் சுவர்ல ஒரு பங்கு, பிபெட் டிப்ல ஒரு பங்கு, மீதி எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. இப்ப போய் பிஎஸ்ஏ (கேரியரா சேர்க்கிற மாட்டுச் சீரம் ஆல்புமின்) சேர்த்தாலும் சுவர்ல ஒட்டினது முழுசாத் திரும்பி வராது. அந்த ஸ்டாக்கைத் தூக்கிப் போட வேணாம், ஆனா துல்லியமான அளவு தேவைப்படுற எந்தச் சோதனைக்கும் எடுக்காதீங்க. ஒரு டியூபை எலைசாவில் ஓட்டினா உள்ளே உண்மையில எவ்வளவு மிதக்குதுன்னு தெரிஞ்சிடும். பிராட்ஃபோர்ட் (சாயத்தால மொத்தப் புரதம் அளக்கிறது) பண்ணாதீங்க, இந்த அளவுக்கு அது தடுமாறும், பிஎஸ்ஏ சேர்த்த பிறகு பண்ணினா பிஎஸ்ஏவைத்தான் அளக்கும்.

அடுத்த குப்பிக்கு இப்படிச் செய்ங்க.

குப்பியை ஃப்ரீசர்லேர்ந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. நம்ம ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த குப்பியைத் திறந்தா உள்ளே தண்ணி கோத்துக்கும், தூள் பிசுபிசுன்னு மூடியில ஒட்டும். ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோட போட்டு 20, 30 நிமிஷம் அறை வெப்பத்துக்கு வர விடுங்க. அப்புறம் மைக்ரோஃபியூஜில் 30 விநாடி சுத்துங்க. 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்கே தெரியாது. குப்பி காலின்னு நினைச்சுத் தூக்கிப் போட்டவங்க உண்டு. அதில் பாதி மூடியில இருக்கும், சுத்தினாத்தான் அடிக்கு வரும்.

100 மைக்ரோலிட்டர் விடுங்க. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வரும். எதில் கரைக்கிறதுன்னு குப்பியோட வர்ற பகுப்பாய்வுச் சான்றிதழ்ல இருக்கும்: சிலது ஸ்டெரைல் தண்ணி சொல்லும், சிலது பிபிஎஸ். அது சொல்றதுதான் வேதவாக்கு, ஏன்னா தூளோட எந்த உப்பு இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். செல் கல்சருக்கு மட்டும்னா 0.1% பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ் நல்லது (100 மில்லிக்கு 100 மில்லிகிராம், 0.22 மைக்ரான்ல வடிகட்டினது). சுவரைத் தொட்டு மெதுவா விட்டு, 10, 15 நிமிஷம் சும்மா நிக்க விடுங்க. வோர்டெக்ஸ் கூடாது, நுரை வரக் கூடாது. நுரைங்கிறது காற்றும் நீரும் சந்திக்கிற பரப்பு. புரதம் அங்க போய் விரிஞ்சு கெட்டுடும்.

பிறகு லோ-பைண்ட் டியூபில் 10 மைக்ரோலிட்டரா பத்துப் பங்கு. ஒரு டியூபில் 1 மைக்ரோகிராம். அதை 50 மில்லி மீடியத்தில் விட்டா மில்லிக்கு 20 நானோகிராம், கணக்கு சுலபம். 10க்குக் கீழ பிரிக்காதீங்க; சின்னத் துளிக்குப் பரப்பு அதிகம், இழப்பும் அதிகம். −80ல வைங்க. −20 தான் இருக்குன்னா, தானாப் பனி உருக்குற ஃப்ரீசர் வேணவே வேணாம். அது நாளுக்குச் சில தடவை சூடாகிக் குளிரும், நீங்க தொடாமலேயே ஸ்டாக் உருகி உறையும். உருக்கின டியூபை 4 டிகிரியில் வச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிங்க. திரும்ப உறைய வைக்காதீங்க.

இன்னொண்ணு, பிடிஎன்எஃப் போட்ட பிறகு மீடியத்தை வடிகட்டாதீங்க. மீடியத்தை முதல்ல வடிகட்டி, ஸ்டெரைல் ஸ்டாக்கைக் கடைசியாச் சேருங்க. நைட்ரோசெல்லுலோஸ் ஃபில்டர் நானோகிராம் அளவு புரதத்தை அப்படியே விழுங்கிடும்.

டெலிவரிக்கு: உலர்ந்த தூள் ரெண்டு மூணு நாள் வெளி வெப்பத்தில் இருந்தா பயப்பட வேணாம். கரைச்ச வடிவத்தில் வர்றதுதான் ஆபத்து. அதனால லிக்விட் வாங்காதீங்க. பெருநாள் வாரத்தில் பெட்டி ஏதாவது கிடங்குல உட்கார்ந்துடும். வெள்ளிக்கிழமை வந்து சேருற மாதிரியும் போடாதீங்க, வாங்கி வைக்க லேபில் ஆள் இருக்காது. பிஎஸ்ஏ கலந்த குப்பின்னா மாட்டுச் சார்புப் பொருள். இறக்குமதி அனுமதி யார் எடுக்கிறாங்கன்னு ஏஜெண்டிடம் முதல்லயே கேட்டுடுங்க.


ஜெல்_ராஜா (கிள்ளான்)

குப்பியில் புரதம் இருக்கா, உடையாம இருக்கான்னு பார்க்க ஜெல் ஒண்ணு போதும். 100 முதல் 200 நானோகிராம், 15% ஜெல், சில்வர் ஸ்டெயின். 13, 14 கிலோடால்டன்ல ஒரே பட்டை வரணும்.

டைமர் 27 கிலோடால்டன்னு புத்தகத்தில் படிச்சிட்டு, நான்-ரெடியூசிங் ஜெல்லில் 27 வரலைன்னு பதறாதீங்க. அந்த ரெண்டு சங்கிலியும் கோவேலன்ட் பிணைப்பில் சேர்ந்தது இல்ல, எஸ்டிஎஸ் பட்டா பிரிஞ்சிடும். ஒவ்வொரு சங்கிலிக்கு உள்ளேயும் மூணு டைசல்ஃபைடு, சிஸ்டீன் முடிச்சு. அது அவிழ்ந்தா வேலை முடிஞ்சது. அதனால ஸ்டாக் பக்கம் டிடிடி, மெர்கேப்டோஎத்தனால் மாதிரி டைசல்ஃபைடை உடைக்கிறது எதுவும் வரக் கூடாது. ஈ.கோலைக்குள்ள இந்த முடிச்சு தானா சரியா விழாது. தயாரிப்பாளர்கள் இன்க்ளூஷன் பாடியை (சரியா மடியாத புரதக் கட்டி) கரைச்சு ரீஃபோல்டு பண்றாங்க. மலிவுக் குப்பியில் தப்பா மடிஞ்சதும் கலந்திருக்கலாம். ஜெல் அதைக் காட்டாது, செல்தான் காட்டும்.

வெஸ்டர்ன்னா 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பிரேன். 0.45ல இவ்வளவு சின்னப் புரதம் மறுபக்கம் போயிடும்.


சினாப்ஸ்_செல்வி (பெட்டாலிங் ஜெயா)

குப்பியை விட்டுவிட்டு முதல் சோதனையைப் பார்ப்போம். அந்தச் சோதனையால் எந்தக் குப்பியையும் குற்றம் சொல்ல முடியாது.

வேறுபடுத்தாத எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்லில் ட்ராக்-பி அநேகமாக இல்லை. ஏற்பி இல்லாத செல்லில் எவ்வளவு நல்ல பிடிஎன்எஃப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் 10 மைக்ரோமோலார், 5 நாள் கொடுத்தால் ட்ராக்-பி வெளிப்படத் தொடங்கும். டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலார் ஸ்டாக் வைத்து ஆயிரத்துக்கு ஒன்று கலக்கவும். வெளிச்சம் பட்டால் அது வீணாகும்: கரும்பழுப்பு டியூப், ஃபாயில், கேபினட் விளக்கைக் குறைத்து வேலை. 5 நாளும் ஒரே மீடியத்தில் விடாமல் இரண்டு நாளைக்கு ஒரு முறை புதிதாக மாற்றுங்கள். அதன்பின் கழுவிவிட்டு சீரம் இல்லாத மீடியத்தில் பிடிஎன்எஃப்.

முதலில் மொத்த ட்ராக்-பிக்கு ஒரு வெஸ்டர்ன். முழு நீள ஏற்பி 140, 145 கிலோடால்டன் பக்கம் நிற்கும். 95 பக்கத்தில் மட்டும் பட்டை வந்தால் அது கைனேஸ் பகுதி இல்லாத டி1 வடிவம். அது பிடிஎன்எஃப்பைப் பிடிக்கும், ஆனால் பாஸ்போரிலேஷன் கிடையாது. ஆஸ்ட்ரோசைட்டில் (நியூரானுக்குத் துணை நிற்கும் செல்) இருப்பது பெரும்பாலும் இந்த வடிவம்தான். உங்கள் நியூரான் தட்டில் ஆஸ்ட்ரோசைட் அதிகமாக இருந்தால், போட்ட பிடிஎன்எஃப்பில் ஒரு பங்கை அவை உறிஞ்சிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாஸ்போ எர்க் இரண்டிலும் சமமாக வந்ததற்குக் காரணம் சீரம். 10% சீரத்தில் எர்க் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். தூண்டுவதற்கு முன் 4 மணி நேரமாவது சீரம் இல்லாமல் வையுங்கள். நியூரான் என்றால் பி-27ஐயும் (மீடியத்தில் சேர்க்கும் ஊட்டக் கலவை) பாருங்கள், அதில் இன்சுலின் இருக்கிறது, அதுவே எர்க்கையும் ஏகேடியையும் தூக்கிப் பிடிக்கும். மீடியம் மாற்றுவதுகூட எர்க்கைக் கிளப்பிவிடும். ஆகவே கன்ட்ரோல் கிணற்றைச் சும்மா விடக் கூடாது. அதே அளவு பிஎஸ்ஏ-பிபிஎஸ்ஸை அதே கையால், அதே நேரத்தில் விட வேண்டும். இன்னும் நல்ல வழி, மீடியத்தை மாற்றாமல், 10 மடங்குச் செறிவில் வைத்த பிடிஎன்எஃப்பை பத்தில் ஒரு பங்கு அளவு மேலே விடுவது.

நேரம்: 5, 15, 30 நிமிடம் மூன்றும் எடுங்கள். ட்ராக்-பி முதல் கால் மணிக்குள் உச்சம் தொடும். 30 நிமிடத்தை மட்டும் எடுத்தால் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. நேரம் முடிந்ததும் தட்டை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவி, சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலாரும் சோடியம் ஃப்ளோரைடும் கலந்த லைசிஸ் பஃபர். வனடேட்டைக் காய்ச்சி, பிஎச் 10ல் நிறம் போகும்வரை திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்க வேண்டும். மஞ்சளாக இருக்கும் வனடேட் டைரோசின் பாஸ்பட்டேஸை ஒழுங்காகத் தடுக்காது.

கன்ட்ரோல்: பிஎம்ஏ (ட்ராக்-பி இல்லாமலேயே எர்க்கைத் தூண்டும் வேதிப்பொருள்) 100 நானோமோலார், 15 நிமிடம். இதற்கு எர்க் எகிற வேண்டும். எகிறாவிட்டால் ஆன்டிபாடியோ லைசிஸோதான் பிரச்சினை. எதிர்ப்பக்கம் கே252ஏ 200 நானோமோலார், அரை மணி முன்னதாக. அது ட்ராக் குடும்பத்தோடு வேறு கைனேஸ்களையும் தடுக்கும், ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆன்டிபாடிப் பெட்டியில் டைரோசின் 515 என்று இருக்கும், சிலதில் 516. எலி எண்ணும் மனித எண்ணும்தான் வேறு, இடம் ஒன்றே. இந்த ஆன்டிபாடிகளில் பல, ட்ராக்-ஏவையும் பிடிக்கும். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்த செல்லில் ட்ராக்-ஏவும் கொஞ்சம் இருக்கலாம் என்பதால், ட்ராக்-பி-எஃப்சி (பிடிஎன்எஃப்பைப் பிடித்து வைக்கும் மிதக்கும் ஏற்பித் துண்டு) போட்டால் பட்டை மறைகிறதா என்று பார்ப்பதே நம்பகமான கன்ட்ரோல்.


தாமான்_டிஎன்ஏ (கோலாலம்பூர்)

ரெண்டாவது பிரச்சினைக்கு வர்றேன். எனக்கு இதுதான் முக்கியமாப் படுது.

உப்பு பத்தாத குழம்பையும் சரியான குழம்பையும் ஒப்பிடப் போறவர், ரெண்டிலும் கை நிறைய உப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு உங்க மீடியம். மெக்-பி2 பழுதில் நீங்க தேடுற குறைகளில் ஒரு பகுதியே பிடிஎன்எஃப் சிக்னல் குறைவுதான். 1999ல மெக்-பி2 மரபணுவுக்கும் ரெட்டுக்கும் தொடர்பு தெரிஞ்சுது. 2003ல பிடிஎன்எஃப் புரோமோட்டரில் (மரபணுவை இயக்குற பகுதி) மெக்-பி2 உட்கார்றதை ரெண்டு குழு காட்டினாங்க. 2006ல, மெக்-பி2 இல்லாத எலியில் பிடிஎன்எஃப்பைக் கூட்டினா நோய் தள்ளிப் போச்சு, ஆயுள் நீண்டுச்சுன்னு வந்துச்சு. ஒரு சின்ன முரண் இதில் உண்டு: 2003 கணக்குப்படி மெக்-பி2 அடக்கி வைக்கிற புரதம், அது போனா பிடிஎன்எஃப் ஏறணும். ஆனா நோயுற்ற எலி மூளையில் அளவு குறைஞ்சுதான் இருந்துச்சு. நியூரான்களோட செயல்பாடே குறைஞ்சு போனதால உற்பத்தியும் குறைஞ்சுதுங்கிறது ஒரு விளக்கம். உங்க முடிவை எழுதும்போது இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்கணும்.

இப்ப கணக்கைப் பாருங்க. பிடிஎன்எஃப் டைமருக்கு மில்லிக்கு 27 நானோகிராம்னா 1 நானோமோலார். நீங்க போடுற 20, ஏற்பியை அநேகமா நிரப்பிடும். நோய் வரிசைக்கு இல்லாததை வெளியிலேர்ந்து முழுசாக் கொடுத்துட்டு, கன்ட்ரோலுக்கும் அதையே கொடுத்துட்டு, வித்தியாசம் எங்கேன்னு தேடுறீங்க. சைக்ளிக் ஏஎம்பி 1 மில்லிமோலார் வேற. அது ஏற்பி இல்லாமலேயே சிஆர்இபியை (மரபணுக்களை இயக்குற புரதம்) தூண்டும், பிடிஎன்எஃப் போய்ச் சேர்ற இடங்களில் அதுவும் ஒண்ணு. ரெண்டு கதவையும் திறந்து வச்சாச்சு.

எலைசாவில் ரெண்டும் சமம்னு சொன்னீங்களே, நீங்க அளந்தது குப்பியிலேர்ந்து ஊத்தினதைத்தான். ரிகாம்பினன்ட் மனித பிடிஎன்எஃப்பையும் நியூரான் சுரந்த முதிர்ந்த பிடிஎன்எஃப்பையும் ஆன்டிபாடி பிரிச்சுப் பார்க்காது, ரெண்டும் அதே 119 அமினோ அமிலம். மனுஷன், எலி, சுண்டெலி, பன்றி நாலுக்கும் முதிர்ந்த பகுதி ஒரே வரிசை. அதனால எலி ஆஸ்ட்ரோசைட் மேல வளர்த்தா அதோட பிடிஎன்எஃப்பும் அதே எலைசாவில் வந்து நிக்கும்.

செல் சுரந்ததை அறியணும்னா ஆர்என்ஏவுக்குப் போங்க. குப்பியில் ஆர்என்ஏ கிடையாது. எக்சான் (மரபணுத் துண்டு) 4லேர்ந்து 9க்குப் போற பிரைமர் ஒரு ஜோடி, எக்சான் 9 உள்ளேயே ஒரு ஜோடி. முதலாவது, செயல்பாட்டுக்கு ஏத்தபடி ஏறி இறங்குற புரோமோட்டரைக் காட்டும். ரெண்டாவது, எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்துக் காட்டும். முந்தின ராத்திரி டிடிஎக்ஸ் 1 மைக்ரோமோலார், ஏபி5 100 மைக்ரோமோலார் போட்டு நியூரான் செயல்பாட்டை அடக்கிட்டு, பொட்டாசியம் குளோரைடு 55 மில்லிமோலார் 6 மணி நேரம் கொடுத்து எத்தனை மடங்கு ஏறுதுன்னு ரெண்டு வரிசையிலும் பாருங்க. பழைய கட்டுரைகளில் எலியோட புரோமோட்டர் 3ன்னு இருக்கிறதும் இப்ப 4ன்னு சொல்றதும் ஒண்ணுதான், பிரைமர் ஆர்டர் போடும்போது குழப்பிக்காதீங்க.


பத்துகேவ்ஸ்_பயோ (சிலாங்கூர்)

தாமான் அண்ணே, சொல்றது நியாயம்தான். ஆனா பிடிஎன்எஃப்பை நிறுத்தினா ஐபிஎஸ் நியூரான் 6 வாரம் தாங்காது. உரிஞ்சு மிதக்கும். எல்லாரும் 20 போடுறதுக்குக் காரணம் இருக்கு. அதை மாத்தினா மத்த லேப் முடிவோட ஒப்பிடவும் முடியாது.


தாமான்_டிஎன்ஏ (கோலாலம்பூர்)

முழுக்க நிறுத்தச் சொல்லலை தம்பி. முதல் 3 வாரம் 20லேயே இருக்கட்டும், செல் ஊன்றி நிக்கட்டும். அதுக்கு அப்புறம் கிணறுகளைப் பிரிங்க: 0, 1, 5, 20. நாலு அளவிலும் ரெண்டு வரிசையையும் பக்கத்துப் பக்கத்தில் வைங்க. 20ல வித்தியாசம் இல்லாம, 1லயோ 5லயோ வந்தா, அதுவே சொல்லத்தக்க முடிவு. 20 கூடவே இருக்கிறதால மத்தவங்களோட ஒப்பிடவும் முடியும். 0ல ரெண்டும் சேர்ந்து செத்தா அந்த வரியை விட்டுடுங்க. ஆனா நோய் வரிசை மட்டும் சாகுதுன்னா அதையும் எண்ணிக் குறிச்சு வைங்க. மிச்சம் பிழைச்ச செல்லை மட்டும் அளந்தா முடிவு சாயும்.

உரிஞ்சு மிதக்கிறது பல நேரம் லாமினின் (செல் ஒட்டுறதுக்குத் தட்டில் பூசுற புரதம்) குறைஞ்சதால. பிடிஎன்எஃப் மேல பழி போடுறதுக்கு முன்னாடி கோட்டிங்கைப் பாருங்க.


மிண்டன்_மைக்ரோலிட்டர் (பினாங்கு)

மிக்க நன்றி, தெளிவாகிவிட்டது. இன்னும் சில சந்தேகம். நியூரானில் பாஸ்போ ட்ராக்-பி பார்க்க, பிடிஎன்எஃப் உள்ள மீடியத்தில் இருப்பதையே எடுத்துத் தூண்டலாமா? ட்ராக்-பி-எஃப்சி எவ்வளவு? வால்66மெட் மாற்றம் (66ஆவது இடத்தில் வேலினுக்குப் பதில் மெத்தியோனின்) உள்ள பிடிஎன்எஃப் குப்பி தனியாக வாங்க வேண்டுமா என்று சூப்பர்வைசர் கேட்கிறார். 10 மைக்ரோகிராம் குப்பி ஒன்று போதுமா?


சினாப்ஸ்_செல்வி (பெட்டாலிங் ஜெயா)

கூடாது. வாரக்கணக்கில் 20ல் ஊறிய நியூரானில் ட்ராக்-பி உள்ளே இழுக்கப்பட்டு, அளவும் குறைந்திருக்கும். மேலே இன்னும் 50 போட்டாலும் சிக்னல் மந்தமாகத்தான் வரும். அதைப் பார்த்து "ரெட் நியூரான் பதிலளிக்கவில்லை" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. பிடிஎன்எஃப் இல்லாத வெதுவெதுப்பான மீடியத்தில் இரண்டு முறை மெதுவாகக் கழுவி, ஒரு நாள் அப்படியே விட்டு, கடைசி 4 மணி நேரம் பி-27ம் இல்லாமல் வைத்து, பிறகு பிடிஎன்எஃப் 50, 15 நிமிடம்.

கழுவினால் எல்லாம் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். அது செல்லின் ஹெப்பரான் சல்ஃபேட்டிலும் தட்டின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கழன்று வரும். ஆகவே செல் இல்லாத ஒரு கிணறு தேவை: அதே கோட்டிங், அதே மீடியம், அதே பிடிஎன்எஃப், அதே கழுவல். எலைசாவில் அந்தக் கிணற்றில் வரும் எண்தான் உங்கள் பூஜ்யம்.

ட்ராக்-பி-எஃப்சி மில்லிக்கு 1 மைக்ரோகிராம், பிடிஎன்எஃப்போடு முன்கூட்டியே கலந்து அரை மணி வைத்துப் பிறகு செல்லில். பக்கத்தில் அதே அளவு வெறும் எஃப்சி.

இந்தத் தட்டுகளில் மைக்ரோக்ளியா (மூளையின் நோயெதிர்ப்பு செல்) சேர்க்கும் எண்ணம் இருந்தால் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) எண்ணைப் பாருங்கள். ஈ.கோலைக் குப்பி என்பதால் சொல்கிறேன். மைக்ரோகிராமுக்கு 1 அலகு என்றால் 20 நானோகிராமில் மில்லிக்கு 0.02 அலகு, நியூரானுக்கு அது பொருட்டல்ல, மைக்ரோக்ளியா இருக்கும் தட்டுக்கு 0.1க்குக் கீழ் உள்ளதைத் தேடுவது நல்லது.


ஜெல்_ராஜா (கிள்ளான்)

வால்66மெட் தனிக் குப்பி வேணாம். முழுப் புரதம் 247 அமினோ அமிலம், முதிர்ந்த பகுதி 129லேர்ந்துதான் ஆரம்பம். 66 வெட்டிப் போற பகுதியில் இருக்கு. முதிர்ந்த பிடிஎன்எஃப் குப்பிக்குள்ள வால் கிடையாது, மெட்டும் கிடையாது. அந்த மாற்றம் செல்லுக்குள்ள புரதம் எங்க போய்ச் சுரக்குதுங்கிறதைப் பாதிக்கும். சூப்பர்வைசருக்கு அது வேணும்னா செல் வரிசையில் மாத்தணும்.

புரோ-பிடிஎன்எஃப்பை (வெட்டுப்படாத முன்வடிவம்) மட்டும் மாத்தி வாங்கிடாதீங்க, கேட்டலாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அது பி75, சார்ட்டிலின்ங்கிற வேற ஏற்பிகள் வழியாப் போகும், பல இடத்தில் நேர் எதிர் விளைவு.


கேஎல்_கல்சர் (கோலாலம்பூர்)

ஒரு குப்பி தாராளம். 24 கிணறு தட்டு, கிணத்துக்கு அரை மில்லி, மொத்தம் 12. பாதி மீடியம் மாத்தினா ஒரு தடவைக்கு 6, வாரம் மூணு தடவைன்னா 18 மில்லி. 20 வீதம் 360 நானோகிராம், ரெண்டு தட்டுக்கு 720. தாமான் சொன்ன மாதிரி அளவைப் பிரிச்சா இன்னும் குறையும். ஆனா ஒரு 1 மைக்ரோகிராம் டியூபை உருக்கினா ஒரு வாரத்தில் முடிக்கணும்ல, அதனால கணக்கை நானோகிராமில் போடாம டியூபில் போடுங்க: வாரம் ஒண்ணு, மொத்தம் பத்து வாரம். வெஸ்டர்னுக்கு ரெண்டு மூணு டியூபை முதல்லயே ஒதுக்கிடுங்க.

பாதி மாத்துறப்போ ஒரு பிசகு நடக்கும். பழைய மீடியத்தில் பிடிஎன்எஃப் தேஞ்சு போயிருக்கும், புதுப் பாதியில் 20 இருந்தா கிணத்துக்குள்ள உண்மையில 10க்கும் 20க்கும் நடுவில்தான். டோஸ் சோதனையில் எல்லாக் கிணத்துக்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அளவு மாத்தினா போதும், ஒப்பீடு நிக்கும். ஒரு வரிசையை திங்கள், இன்னொண்ணை செவ்வாய்ன்னு மாத்தினா எல்லாம் வீண்.

குப்பி மாறும்போது ஒரு லாட் எண்ணை பாதித் திட்டத்துக்கும் இன்னொண்ணை மீதிக்கும் போடாதீங்க. ரெண்டு தேவைன்னா ஒரே லாட்ல ரெண்டா வாங்குங்க. சான்றிதழ்ல இருக்கிற ஈடி50ஐ (பாதி விளைவு தர்ற அளவு) வச்சு ரெண்டு கம்பெனியை ஒப்பிடாதீங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு செல்லில் அளக்கிறாங்க.


தாமான்_டிஎன்ஏ (கோலாலம்பூர்)

ஒண்ணு கேட்க விட்டுப் போச்சு. உங்க வரிசை பெண் நோயாளியோடதா? மெக்-பி2 எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பெண் செல்லில் ரெண்டு எக்ஸில் ஒண்ணு மூடியிருக்கும். ஐசோஜெனிக் கன்ட்ரோல்னு வச்சிருக்கிறது, அதே ஆளோட நல்ல எக்ஸ் இயங்குற குளோன்னா, பாசேஜ் (செல்லைப் பிரிச்சு மறுபடி வளர்க்கிற தடவை) ஏற ஏற மூடியிருந்த எக்ஸ் நோய்க் குளோனில் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்துக்கும். ரெண்டு தட்டிலும் நல்ல மெக்-பி2 வர ஆரம்பிச்சா, பிடிஎன்எஃப்பை 0க்கு இறக்கினாலும் வித்தியாசம் வராது. புதுக் குப்பிக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு கவர்ஸ்லிப்பில் மெக்-பி2, மேப்-2 (நியூரானை அடையாளம் காட்டுற புரதம்) ரெண்டும் ஸ்டெயின் பண்ணி, நோய்த் தட்டில் எத்தனை நியூரான் கருவில் மெக்-பி2 ஒளிருதுன்னு எண்ணுங்க. பழுது மிஸ்சென்ஸ்னா புரதம் இருந்துக்கிட்டே வேலை செய்யாம இருக்கும், ஸ்டெயின் காட்டாது. அப்ப சிடிஎன்ஏவை சீக்வென்ஸ் பண்ணி எந்த அல்லீல் வருதுன்னு பாருங்க.


மிண்டன்_மைக்ரோலிட்டர் (பினாங்கு)

பெண் நோயாளிதான் அண்ணா, பாசேஜ் 40ஐத் தாண்டிவிட்டது. புரதம் பாதியில் நிற்கும் நான்சென்ஸ் பழுது. சி-முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி லேபில் இருக்கிறது. நாளைக்கே கவர்ஸ்லிப் போடுகிறேன். குறைந்த பாசேஜ் டியூப் நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டேன்.